வந்து போனது கோப்பி; நிலைத்து நின்றவர் எவர்?

தோட்டத் தமிழரைக் குறித்து இந்நாட்டிலே வழங்கிய சொற்களுள் அவர்களுக்கு மிகுந்த தீங்கு விளைத்தது எது? "கூலி" என்ற சொல்லா? "கள்ளத்தோணி" என்ற வசையா? இரண்டும் அல்ல என்போம் நாம். அவை தெருவிலே எறியப்பட்டவை. எறிந்தவனது தரத்தைக் காட்டுவதோடு நின்றுவிட்டவை. நாகரிக உடை அணிந்து, சட்ட ஏடுகளிலே ஏறி, நீதிமன்றத்தின் முத்திரையையும் பெற்றுவிட்ட வேறொரு சொற்றொடர் உண்டு. "இடம்பெயரும் பழக்கமுடையவர்" என்பதே அது. பெரியதொரு மக்கட்கூட்டம் பிரஜாவுரிமையும் வாக்குரிமையும் இழந்து நின்றபோது, அது முறையே என்று தீர்ப்பளிக்கத் துணைநின்றது இச்சொற்றொடரேயாகும்.

அத்தீர்ப்புக்கு மூலமான வழக்குப் பிறந்த மண் சப்பிரகமுவ மாகாணத்துக் கேகாலை மாவட்டம். அண்மையில் கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தோட்டப் பகுதிகளைச் செய்தியாளராய்ச் சுற்றிவரும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. அங்குக் கண்டவற்றையும், சட்டம் பயின்றவர் என்ற முறையிலே பழைய தீர்ப்புகளிற் படித்தவற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். பார்த்த பின் நாம் கூறத் துணிவது ஒன்றே. இடம்பெயரும் பழக்கம் அம்மக்களுடையதன்று. அவர்களை இங்குக் கொணர்ந்த கோப்பிப் பயிருடையது. பயிர் மாண்டு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. ஆனால், பயிரின் இயல்பை மக்களின் இயல்பென்று எழுதி வைத்தனர். அந்தப் பிழையின் பாரம் இன்றும் முற்றாக இறங்கவில்லை.

வழிப்போக்கர் காணும் நாடு

கொழும்பிலிருந்து களனி கங்கையின் பக்கமாக அவிசாவளைக்குச் செல்வோர் அங்கு வழிகள் பிரிவதைக் காண்பர். ஒருபுறம் ருவான்வெல்லை, எட்டியாந்தோட்டை, தெகியோவிற்றை, தெரணியகலை எனக் கேகாலை மாவட்டத்து மலைகள். மறுபுறம் எகலியகொடை, குருவிற்றை கடந்து இரத்தினபுரி. அதற்கப்பால் பெல்மதுளை, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடை. 1912-இல் இரத்தினபுரிவரை சென்ற சிறுபாதை இரயில் இன்று இல்லை. அவிசாவளையோடு இருப்புப் பாதை முடிந்துவிடுகின்றது. அதற்கு மேல் பஸ்தான். பஸ் நிற்கும் இடத்துக்கு மேல் கால்நடைதான்.

மலைநாட்டைப் பார்த்துச் செல்ல வந்த எழுத்தாளர் பலர் எழுதும் முறை ஒன்றுண்டு. பனிமூட்டம், அருவி, பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற சரிவு, கூடை சுமந்து சிரிக்கும் பெண்! அப்பெண்ணின் பெயர் யாது, அவள் உறங்கும் அறைக்கு உறுதி எவர் கையில் உள்ளது என்று கேட்டு எழுதியோர் மிகச் சிலரே. சப்பிரகமுவத் தோட்டங்களோ அந்த அழகு வருணனைக்குங்கூட எட்டாமற் போயின. நுவரெலியா, அட்டன் பகுதிகளிற்போல மலை முழுதும் ஒரே தேயிலைப் பரப்பாக இங்கில்லை. இறப்பர்க் காடு, அதனை அடுத்துச் சிங்களக் கிராமம், அதன் வயல், பின்னர்த் தேயிலைச் சரிவு, மீண்டும் ஒரு கிராமம் எனக் கலந்து கிடக்கின்றன. ஆகவே இங்குள்ள தமிழர் சிதறி வாழ்கின்றனர். மலையகத் தமிழர் எனின் நுவரெலியாவை நினைக்கும் நமது தலைவர்கள் இச்சிதறிய கூட்டத்தை நினைப்பது அரிது.

மழைமிக்க இம்மாவட்டங்களில் இறப்பர்த் தொழிலாளியின் நாள் வானத்தின் கையில் இருக்கின்றது. வெயில் ஏறுமுன் பால் வெட்ட வேண்டும். விடியற்காலை மழை பிடித்துக்கொண்டால் வெட்டு இல்லை; வெட்டு இல்லாத நாளில் "பேர்" விழுவது நிச்சயமில்லை. இத்தகைய தோட்டமொன்றின் லயத்திலே முதிய தாய் ஒருவரிடம், "சொந்த ஊர் எது, அம்மா?" என்று கேட்டோம். "மேக்கணக்குங்க ஐயா" என்றார். தோட்டத்தின் மேற்பிரிவைத்தான் அவர் கூறினார். பாட்டனார் வந்த ஊர் எதுவென்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் அவருக்கு நேரவில்லை. இறப்பர் மரங்களும் லயமும் கோயிலும் சுடலையும் உள்ள அந்த மலைப்பக்கமே அவரது ஊர். இவரையா இடம்பெயரும் பழக்கமுடையவர் என்பது?

கோப்பியின் பருவம்

இப்பெயர் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1815-இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்டது. 1820-களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்திலே கோப்பிப் பயிர் ஊக்குவிக்கப்பட்டது. 1830-களின் பிற்பகுதியிலும் 1840-களிலும் வெள்ளையர் மலைகளை வாங்கிக் காடழித்துக் கோப்பி நட்டனர். 1840-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை காட்ட முடியாத காட்டையும் தரிசையும் முடிக்குரியதென்று ஆக்கி அவர்களுக்கு வழி திறந்தது. மத்திய மலைகளிலே தொடங்கிய கோப்பி, இறக்குவானை, பலாங்கொடைப் பகுதிகளையும் எட்டியது. 1870-களின் இறுதியில் நாடு முழுவதிலும் ஏறத்தாழ 2,75,000 ஏக்கரில் கோப்பி நின்றது. உலகச் சந்தையில் இலங்கைக் கோப்பிக்குப் பெரும் பெயர் இருந்தது.

கோப்பிக்கு ஆண்டு முழுவதும் பெரும் படை வேண்டியதில்லை. பழம் பறிக்கும் சில மாதங்களே நெருக்கடி. ஆவணி, புரட்டாசியில் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து ஆட்கள் வரவேண்டும். தையிலே பறிப்பு முடிந்ததும் திரும்பிவிட வேண்டும். அதுவே துரைமாருக்கு இலாபம். வேலையில்லாத மாதங்களில் அரிசி போடத் தேவையில்லை; நிலையான வீடு கட்டத் தேவையில்லை; பெண்டு பிள்ளைகளைப் பேணத் தேவையில்லை. அதனாற்றான் அன்று வந்தோருட் பெரும்பாலோர் ஆடவர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை, மாத்தளை நோக்கி நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழிநெடுக அவர்களைத் தின்றன. அந்த வடக்குப் பாதையில் மாண்டோர்க்கு நடுகல் இல்லை.

ஆக, வந்து போதல் என்பது தொழிலாளி தேடிக்கொண்ட பழக்கமன்று. பயிரின் பருவமும் முதலாளியின் கணக்கும் அவன்மேல் விதித்த முறை அது.

அம்முறை எவ்வளவு காலம் நின்றது? 1869-இல் கோப்பி இலையின் அடியிலே மஞ்சள் நிறத் துரு தோன்றியது. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று அறிஞர் அதற்குப் பெயரிட்டனர். 1880-இல் மார்ஷல் வார்ட் என்ற தாவரவியலாளர் இங்கிலாந்திலிருந்து வந்து ஆராய்ந்தார். நோயின் வரலாறு விளங்கியது; மருந்து கிடைக்கவில்லை. 1884-இல் தோட்டக்காரருக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கி முறிந்தது. துரைமார் பலர் தோட்டங்களை விட்டு அகன்றனர். அந்தப் பத்தாண்டு முடியுமுன் கோப்பிக் காலமும் முடிந்தது.

1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் நட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. வாரந்தோறும் கிள்ளப்பட வேண்டுவது. கிள்ளப் பெண்கள் வேண்டும். பெண்கள் வேண்டுமெனின் குடும்பம் வேண்டும். குடும்பம் வேண்டுமெனின் இருக்க அறை வேண்டும். 1876-இல் அமேசன் காட்டு விதையிலிருந்து முளைத்த இறப்பர்க் கன்றுகள் கம்பகா அருகே ஹெனரத்கொடைப் பூந்தோட்டத்துக்கு வந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சப்பிரகமுவவின் தாழ்ந்த மலைகளை அம்மரம் மூடியது. இறப்பரும் ஆண்டு முழுவதும் ஆள் கேட்பதே. வந்து போகின்றவனைக் கொண்டு இவ்விரு தொழில்களையும் நடத்த முடியாது. ஆகவே தோட்டமே தொழிலாளியைக் குடும்பத்தோடு நிறுத்திக்கொண்டது. கங்காணியின் கடனும் துண்டு முறையும் அவனை மேலும் இறுகக் கட்டின. துண்டு முறை ஒழிந்தது 1921-இலேயே. ஓரிடத்திலிருந்து நகரமுடியாதபடி கடனாற் கட்டப்பட்டவனை, நகரும் பழக்கமுடையவன் என்று பின்னர் உலகம் கூறியது!

கேகாலையில் எழுந்த முதல் வழக்கு

கேகாலை மாவட்டத்திலே நேவ்ஸ்மயர் என்றொரு தோட்டம். கிராம விரிவுக்கென அரசாங்கம் அதனைச் சுவீகரித்துக்கொண்டது. அங்கே குடியிருந்த தமிழ்த் தொழிலாளரை வெளியேறுமாறு பணித்தது. அவர்கள் வெளியேறவில்லை. 1946-இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் அவர்களுக்காக வேலைநிறுத்தத்தை நடத்தியது. அறையை விட்டுப் போகாதிருந்தவர்கள்மேல் குற்றமுறையான அத்துமீறல் என்ற வழக்குத் தொடரப்பட்டது. தாம் வாழும் அறையிலே தொடர்ந்து வாழ்ந்தது குற்றமாயிற்று.

அவ்வாறு குற்றவாளியாக்கப்பட்ட தொழிலாளர் ஒருவரின் வழக்கே சட்ட ஏடுகளில் செல்வநாயகம் வழக்கு எனப்படுவது. தமிழரசுக் கட்சித் தலைவர் எஸ். ஜே. வி. செல்வநாயகம் அவர்களுக்கும் இவருக்கும் பெயரொற்றுமை மட்டுமே. கீழ் நீதிமன்றம் குற்றவாளி என்றது. மேன்முறையீட்டில் நாட்டின் உயர் நீதிமன்றம் விடுவித்தது. முடி விடவில்லை, அக்காலத்தில் நமது வழக்குகளுக்கு இறுதி மன்றமாக இலண்டனில் இருந்த பிரிவிக் கவுன்சிலுக்குச் சென்றது. 1950-இல் அம்மன்றமும் தொழிலாளர் பக்கமே தீர்த்தது. பிறரைத் தொல்லைப்படுத்துவதே தலையாய நோக்கமாயிருந்தாலன்றி அது குற்றமாகாது. வாழ்நாளெல்லாம் இருந்த வீட்டை, அதனை விட்டாற் போக்கிடமில்லாத நிலையிலே, விடாதிருக்க விரும்புவதே இவரது நோக்கம் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

தோட்டத் தொழிலாளிக்கு லயமே வீடு என்பதையும், வேறு வீடு இல்லை என்பதையும் இலண்டன் நீதிபதிகள் 1950-இல் ஏற்றுக்கொண்டனர். நினைவில் வைத்துக்கொள்வீர்களாக.

கேகாலையில் எழுந்த இரண்டாம் வழக்கு

இதற்கிடையில் நாடு சுதந்திரம் பெற்றிருந்தது. 1947-ஆம் ஆண்டுத் தேர்தலிலே தோட்டத் தமிழர் ஏழு உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். வேறு பல தொகுதிகளில் அவர்களது வாக்கு இடதுசாரிகளுக்குத் துணையாயிற்று. ருவான்வெல்லைத் தொகுதியில் தெரிவானவர் சமசமாஜக் கட்சித் தலைவர் டாக்டர் என். எம். பெரேரா. ஆளுங் கட்சிக்கு இவ்வாக்கு உவப்பாயிருக்குமா? 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. இந்நாட்டிற் பிறந்திருந்தாலும் போதாது. தந்தையும் இங்கே பிறந்தவர் என்று காட்டு, அன்றேல் பாட்டனும் முப்பாட்டனும் பிறந்தமையைக் காட்டு என்றது அது. பதிவேடு கண்டிராத லயத்திலே பிறந்தவன் எதைக் காட்டுவான்? 1949-ஆம் ஆண்டின் 3-ஆம் இலக்கச் சட்டம் விண்ணப்பித்துப் பெறும் வழியொன்றை வைத்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர்க்காக விண்ணப்பங்கள் குவிந்தன. ஏறத்தாழ 1,34,000 பேருக்கே பிரஜாவுரிமை கிடைத்தது. அதே ஆண்டின் 48-ஆம் இலக்கச் சட்டம் பிரஜையல்லாதாரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கியது.

ருவான்வெல்லைத் தேர்தல் இடாப்பிலே தம் பெயரைச் சேர்க்குமாறு கோடகன் பிள்ளை என்பவர் விண்ணப்பித்தார். பதிவு அலுவலர் மறுத்தார். இடாப்பை மீளாய்வு செய்த அதிகாரி சிவஞானசுந்தரம், இச்சட்டங்கள் சோல்பரி அரசியலமைப்பின் 29-ஆம் பிரிவுக்கு முரணானவை, ஆகவே செல்லாதவை என்று துணிந்து தீர்த்தார். ஒரு சமூகத்தாருக்குப் பிற சமூகத்தாருக்கில்லாத தடையை எந்தச் சட்டமும் விதித்தலாகாது என்பதே அப்பிரிவு. 1951-இல் உயர் நீதிமன்றம் அவரது கட்டளையை அழித்தது. 1953-இல் பிரிவிக் கவுன்சிலும் அதனையே உறுதி செய்தது. தன் பிரஜைகள் எவரென வகுப்பது சட்டமன்றத்தின் இயல்பான பணி என்றது. இந்தியத் தமிழரின் இடம்பெயரும் பழக்கம், அவர்கள் பிரஜைகளாகத் தகுந்தவரோ என்ற வினாவுக்கு நேரே பொருந்தும் செய்தி என்றும் கூறியது.

இரு வழக்குகளும் ஒரே மாவட்டத்து மக்களைப் பற்றியவை. ஒரே மன்றத்திலே மூன்றாண்டு இடைவெளியில் முடிந்தவை. சட்ட வினாக்கள் வெவ்வேறு என்பதை நாம் மறுக்கவில்லை. முதலாவது குற்ற நோக்கத்தைப் பற்றியது. இரண்டாவது சட்டமன்றத்தின் அதிகாரத்தைப் பற்றியது. ஆனால் செய்தி ஒன்றன்றோ? ஓர் அறையிலிருந்து விரட்டும்போது "இதுவே இவன் வீடு, வேறு போக்கிடமில்லை" என்று கண்ட கண், இடாப்பிலிருந்து நீக்கும்போது "இவன் இடம்பெயர்பவன்" என்று காண்பது எவ்வாறு? தேயிலையும் இறப்பரும் குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாக நிறுத்திவிட்ட பின்னர், 1953-இலே, கோப்பிக் காலத்து வழக்கத்தை எடுத்து அம்மக்களின் தகுதியை அளந்தனர். இறந்த பயிரின் சாட்சியத்தைக் கேட்டுவிட்டு, உயிருள்ள மனிதனின் சாட்சியத்தைத் தள்ளினர்.

பயன் யாது? 1952-ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பிலே ஒருவரும் தெரிவாகவில்லை. மீண்டும் ஒரு தோட்டத் தமிழ்த் தலைவர் வாக்கினாலே பாராளுமன்றம் புக 1977 ஆயிற்று. இதிலே நம்மவர் பங்கும் உண்டு என்பதை மறைக்கலாகாது. 1948 டிசம்பரில் இந்திய, பாக்கிஸ்தானிய வதிவோர் மசோதாவை ஜி. ஜி. பொன்னம்பலம் ஆதரித்தார், செல்வநாயகம் எதிர்த்துப் பிரிந்தார். அடுத்த ஆண்டு தமிழரசுக் கட்சி பிறந்தது.

பிரேசில் செய்தது

கோப்பி வளர்த்த நாடு இலங்கை மட்டுமன்று. பிரேசிலில் 1888-இல் அடிமை முறை ஒழிந்தபின், சாவோ பாவுலோக் கோப்பித் தோட்டங்களுக்கு இத்தாலியர் இலட்சக்கணக்கில் கொணரப்பட்டனர். அவர்கள் நிலையும் துன்பமே. அத்துன்பத்தைக் கேள்வியுற்ற இத்தாலிய அரசாங்கம் 1902-இல் உதவிப் பயணத்தோடு அங்கே ஆள் அனுப்புவதைத் தடை செய்தது. ஆயின், பிரேசிலின் 1891-ஆம் ஆண்டு அரசியலமைப்பு என்ன கூறியது? அம்மண்ணிற் பிறந்த பிள்ளை, தந்தை வெளிநாட்டாராயினும், பிரேசிலியரே. அதுமட்டுமா? குடியரசு பிறந்த 1889 நவம்பர் 15 அன்று அந்நாட்டில் இருந்த வெளிநாட்டார், பழைய நாட்டுரிமையையே வைத்துக்கொள்வோம் என்று ஆறு மாதத்துள் அறிவித்தாலன்றி, அவர்களும் பிரேசிலியரே.

அங்கும் எழுத்தறியாதார்க்கு வாக்கில்லை, அது பொன்னுலகமன்று. ஆனால், நவம்பர் 15 என்ற அதே நாளைக் கொண்டு ஒரு நாடு தன் மண்ணில் நின்றவரை உள்ளே வாங்கியது. ஐம்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து மற்றொரு நாடு தன் மண்ணிற் பிறந்தவரையே வெளியே தள்ளியது. இன்னொன்றையும் சொல்லிவிடுகின்றோம். சப்பிரகமுவ மலைகளை மூடிநிற்கும் இறப்பர் மரமே பிரேசில் நாட்டது. அதன் பாட்டனும் முப்பாட்டனும் எங்கே முளைத்தனர் என்று எவரும் கேட்கவில்லை!

எதிர்வாதம்

நமது சிங்கள நண்பர்கள் ஒன்று கூறுவர். "மலைநாட்டுக் குடியானவனின் நிலத்தைப் பறித்தன்றோ கோப்பித் தோட்டம் எழுந்தது? அவன் நிலமின்றி நிற்க, வந்தவனுக்கு உரிமையா?" இவ்வாதத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. 1840-ஆம் ஆண்டுச் சட்டம் கண்டிய உழவனுக்கு இழைத்தது அநீதியே. சப்பிரகமுவத் தோட்டங்களைச் சூழ்ந்த சிங்களக் கிராமங்களிலே நிலப்பசி இருப்பதை நேரிலே கண்டோம். ஆனால் அச்சட்டத்தை இயற்றியவன் தமிழ்க் கூலியல்லன்; நிலத்தை வாங்கியவனும் அவனல்லன்; விற்று இலாபம் கண்டவனும் அவனல்லன். நிலத்தை இழந்தவனும் நிலத்தைப் பெறாதவனும் ஒருவரையொருவர் பகைத்து நிற்க, பெற்றவன் கணக்கை மூடிக்கொண்டு கப்பலேறினான். நேவ்ஸ்மயரில் நடந்தது அதுவே. ஒரு வறியவனுக்கு நிலம் கொடுக்க இன்னொரு வறியவனை வீட்டிலிருந்து எழுப்பினர்.

இன்னொரு சாரார், "அவர்கள் பின்னரும் இடம்பெயர்ந்தார்களே" என்பர். ஆம், பெயர்ந்தனர், பெயர்க்கப்பட்டனர். 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பமிட்டு 9,75,000 பேரைப் பங்கிட்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் சரிபாதியாகப் பிரித்தனர். அம்மக்களை ஒரு வார்த்தை கேட்டவர் உண்டா? சென்றோருட் பலர் நீலகிரியில் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்திலும், கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர்ப் பகுதிகளில் இறப்பர்த் தோட்டத்திலும் மீண்டும் அதே தொழிலிலே அமர்த்தப்பட்டனர். 1977-இலும், 1981 ஆகஸ்டிலும், 1983-இலும் வன்முறை எழுந்தது. 1981-இலே இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்ட மக்கள் பெருந்துயருற்றனர். லயம் எரிந்தபின் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடியவர்கள் பழக்கத்தினாலா ஓடினர்? துரத்தியவனைக் கேளாமல் ஓடியவனை "ஓடுகாலி" என்பது எந்த ஊர் நியாயம்?

எஞ்சிய பாரம்

சட்டம் பின்னர்த் தன்னைத் திருத்திக்கொண்டது. 1988-ஆம் ஆண்டின் 39-ஆம் இலக்கச் சட்டமும் 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டமும் நாடற்ற நிலையை முடிவுக்குக் கொண்டுவந்தன. இரத்தினபுரி மாவட்டத்திலிருந்து 2024-இலே மலையகத் தமிழரான சுந்தரலிங்கம் பிரதீப் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். வாக்கு மீண்டது. மகிழ்கின்றோம்.

வீடு மீண்டதா? தோட்டங்கள் 1972-இலும் 1975-இலும் அரசுடைமையாயின. 1992-இல் பிராந்தியத் தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. கம்பனிகளுக்கு 53 ஆண்டுக் குத்தகை. 2045 வரை எழுத்திலே பாதுகாப்பு. ஐந்து தலைமுறையாக அம்மண்ணிற் புதைந்தவரின் வழித்தோன்றலுக்கு? லயத்து அறை, அதுவும் தோட்டத்தில் "பேர்" உள்ளவரைக்கும். பல தோட்டங்களிலே கடிதமும் தோட்ட அலுவலகத்தின் கை வழியாகவே வருகின்றது. 1987-ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் பணத்தைச் செலவிடுவதற்குத் தடையாயிருந்தது. 2018-இலேயே அது திருத்தப்பட்டது. அதுவரை தோட்டத் தமிழன் சபைக்கு வாக்களிக்கலாம். தன் லயத்துப் பாதைக்குக் கல் கேட்கலாகாது!

2016 மே மாதப் பெருமழையிலே கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலை சரிந்து கிராமங்களை மூடியது. அதே நாட்களில் புளத்கொஹுபிட்டியத் தோட்டத்து லயம் ஒன்றும் மண்ணுள் புதைந்தது. மலை சரியும்போது தமிழன், சிங்களவன் என்று பார்ப்பதில்லை. ஆனால் அதன் பிறகு இழப்பைக் கணக்கிடும் அலுவலகத்திலே, காணி உறுதி வைத்திருப்பவன் ஒரு தாளை நீட்டலாம்; லயத்திலிருந்தவன் எதை நீட்டுவான்? ஆபத்தான சரிவிலிருந்து நகர்ந்து போ என்று கூறுவது எளிது. தன் பெயரில் ஒரு முழ நிலமுமில்லாதவன் எங்கே நகர்வான்? நகர்ந்தாலோ, பழைய பெயர் இருக்கவே இருக்கின்றது: இடம்பெயரும் பழக்கமுடையவன்!

நாம் கேட்பது

ஆகவே நாம் கேட்பவை மூன்று.

முதலாவது, தோட்டக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் வீட்டு நிலம், பதிவு செய்யப்பட்ட உறுதியோடு வழங்கப்பட வேண்டும். மேடையிலே படம் பிடித்துக் கையளிக்கும் கடிதம் போதாது. விற்கவும், ஈடு வைக்கவும், பிள்ளைக்கு எழுதவும் தக்க உறுதியே உறுதி. அது கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருத்தல் வேண்டும். கொழுந்து கிள்ளியும் பால் வெட்டியும் அந்நிலத்தை உழைத்து வாங்கியவள் அவளுமன்றோ?

இரண்டாவது, அந்த உரிமை வேலையோடு பிணைக்கப்படலாகாது. இன்று தோட்டத்துப் பிள்ளைகள் பலர் கொழும்புக் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் உழைக்கின்றனர். தோட்டத்தில் "பேர்" இல்லை என்பதால் வீடும் இல்லை என்பது கோப்பிக் காலத்து நீதி.

மூன்றாவது, சப்பிரகமுவத் தோட்டங்களை அடுத்துள்ள நிலமற்ற சிங்களக் குடும்பங்களுக்கும் அதே திட்டத்திலே நிலம் கிடைக்க வேண்டும். தரிசாய்க் கிடக்கும் தோட்ட நிலம் இருவருக்கும் போதாது என்பதை முதலில் அளந்து காட்டட்டும், பிறகு பேசுவோம். ஒருவரை எழுப்பி மற்றவரை இருத்தும் 1946-ஆம் ஆண்டு முறை இனி வேண்டா.

வடக்கு, கிழக்குத் தமிழ் வாசகர்க்கும் ஒரு சொல். நமது நிலம் பறிபோகின்றதென்று நாம் முழங்குகின்றோம், முழங்குவது நியாயமே. இழக்கவும் ஒரு நிலம் கிடைக்காத தமிழர் சப்பிரகமுவ மலைகளில் இருக்கின்றனர் என்பதையும் அந்த முழக்கத்திலே சேர்ப்போமாக.

கோப்பி வந்தது, போயிற்று. துரைமார் வந்தனர், போயினர். இலண்டன் மன்றத்தின் அதிகாரமும் 1971-இல் போயிற்று. கம்பனியின் குத்தகையும் 2045-இலே முடியவேண்டியதே. போகாமல் நின்றவர் இம்மக்கள் ஒருவரே. நின்றவர்க்கு நிலம் எழுதிக் கொடுப்பதற்கு இன்னும் எத்தனை தலைமுறை நிற்க வேண்டும் என்பதை அரசாங்கம் தெளிவாகச் சொல்லட்டும்.